எழுதாத கடைசி வரி

(கணினிப் பொறியியல் படிக்கும் விடுதி மாணவ மாணவியரிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த கொச்சையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



என்னைக் கவிஞர் என்று சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். கவிஞர்னா, ரெண்டு தொகுப்பு போட்டு ரெண்டும் பரண்மேல கிடக்குதுன்னு அர்த்தம். எனக்குச் சோறு போடுவது வங்கி. கவுண்டரில் உட்கார்ந்து சலான் வாங்குகிற எழுத்தர் நான். ஆனா இன்னைக்கு இங்கே கூப்பிட்டது இந்த ரெண்டுக்காகவும் இல்லை. நானும் உங்களைப் போல கம்ப்யூட்டர் என்ஜினியரிங் படிச்சவன். அதிலே நெட்வொர்க் என்கிற பாடத்தைப் பைத்தியமாகப் படித்தவன். படித்த வேலையில் நிலைக்காமல் ஓடி வந்தவன். ஜெயிச்சவங்களைக் கூப்பிட்டுப் பேசவைக்கிறதுதான் வழக்கம். ஓடி வந்தவனையும் ஒருமுறை கேட்டு வைங்க. வழி எந்த இடத்துல அடைச்சிருக்குன்னு அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்.

எங்க ஊர் விழுப்புரம் பக்கம். 1998-இல் எனக்குப் பத்து வயசு. ரோட்டோரமா டெலிபோன் கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டுற வேலை வந்தது. காண்ட்ராக்டர் ஆள் தேடி நேரா எங்க காலனிக்குத்தான் வந்தான். ஊருக்குள் போகவில்லை. பள்ளம் தோண்ட யாரைக் கூப்பிடணும்னு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அஞ்சரை அடி ஆழம். எங்க நைனா உள்ளே இறங்கினால் தலையில் கட்டிய துண்டு மட்டும்தான் மேலே தெரியும். கூழ்த்தூக்கு எடுத்துக்கிட்டுப் போன நான் அந்தத் துண்டை வெச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன். பள்ளத்துக்குள் நீளமாக ஒரு குழாயைப் படுக்கவெச்சாங்க. "இதுல என்னாங்க போவப் போவுது?" என்று நைனா மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி சொன்ன பதில்: "உனக்கு எதுக்கு அது? தோண்டு."

அதற்குள்ளே போனது கண்ணாடி இழை. தலைமயிர் தடிமன்தான் இருக்கும். அதன் வழியாக வெளிச்சம் ஓடும். அந்த வெளிச்சத்தில்தான் குரலும் எழுத்தும் படமும் போகும். இதை எங்க நைனாவுக்கு மேஸ்திரி சொல்லவில்லை. ஒன்பது வருஷம் கழிச்சு நான்தான் சொன்னேன். கேட்டுட்டு அவர், "இம்மாஞ் சின்னதுக்கா என்னை அவ்ளோ ஆழம் தோண்டச் சொன்னானுவ" என்றார். உண்மையில் நான் கல்லூரியில் நெட்வொர்க் படித்ததே "உனக்கு எதுக்கு" என்ற அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லத்தான்.

2005-இல் கவுன்சிலிங்கில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. இட ஒதுக்கீட்டில்தான் கிடைத்தது. அதை நான் மறைத்ததில்லை, நீங்களும் மறைக்காதீர்கள். அது பிச்சை இல்லை, பாக்கி. வருமான வரம்புக்குள் வரும் நம் பிள்ளைகளுக்குத் தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே தருவதற்கான அரசாணை 92 வந்தது 2012-இல். அதெல்லாம் என் காலத்தில் கிடையாது. எங்கம்மா காதுல கிடந்தது அடகுக் கடைக்குப் போனது. இன்னும் திரும்பி வரலை.

அந்தக் கல்லூரி நெட்வொர்க் லேபில் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. உள்ளே ரெண்டு ரவுட்டர், மூணு ஸ்விட்ச். வெளியே பூட்டு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரும்போது துடைத்து வைப்பார்கள், விளக்கு எரியும். அவர்கள் போனதும் பூட்டு. "பாருங்க, தொடாதீங்க." நான்கு வருஷமும் கேட்ட வாக்கியம் இது. தொடாதே என்ற சொல் நமக்குப் புதுசா என்ன? பூட்டு எல்லாருக்கும்தானே போட்டது என்று கேட்பார்கள். சரிதான். ஆனால் காசு உள்ள பையன் லீவு நாளில் சென்னைக்குப் போய்ப் பயிற்சி மையத்தில் பணம் கட்டி ரவுட்டரைத் தொட்டுவிட்டு வந்தான். நமக்கு அந்த பீரோவை விட்டால் வேறு ரவுட்டர் இல்லை. பொதுவாகப் போட்ட பூட்டுதான், நம் மேல் மட்டும் முழுசா விழுந்தது. சாதி இப்போதெல்லாம் பல இடங்களில் இப்படித்தான் வேலை செய்கிறது. யாரையும் பேர் சொல்லித் திட்டுவதில்லை. பொதுவான விதி ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது.

கையால் தொட்டுப் படித்தது கல்லூரியில் இல்லை, பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில். ராத்திரி வேலைக்குப் போனேன். பத்து கம்ப்யூட்டர், ஒரு ஸ்விட்ச். எலி கேபிளைக் கடிச்சிடும். ஆர்ஜே-45 முனையை வெட்டி மாட்டணும். எட்டு கம்பி, நாலு ஜோடி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். தாலாட்டு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது. பச்சை ஜோடியை மட்டும் ஏன் பிரிச்சு வெச்சாங்க? நடுவிலே இருக்கிற ரெண்டு இடம் பழைய டெலிபோன் ஜோடிக்கானது, அதைத் தாண்டிப் பச்சை உட்கார்ந்திருக்கு. ஒரு கேபிள் நூறு மீட்டருக்கு மேலே போகக் கூடாது. இதையெல்லாம் கல்லூரியில் கேட்டேன், "சிலபஸ்ல இல்லை" என்றார்கள். சிலபஸில் இருந்தது ஏழு அடுக்கு.

ஓஎஸ்ஐ ஏழு அடுக்கு உங்களுக்கும் வந்திருக்கும். 1984-இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டது. எங்களுக்கு அது பதினாறு மார்க் கேள்வி. படம் போட்டு, பேர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதினால் மார்க். ஆனால் 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் ஆர்பாநெட் மாறியது டிசிபி/ஐபிக்கு. இன்றைக்கு உலகம் ஓடுவதும் அதில்தான். அதற்கு நாலு அடுக்கு போதும். பரீட்சைக்கு ஏழு, ஊருக்கு நாலு. ரெண்டையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க.

அடுக்கு என்று படித்த அன்றைக்கு எனக்கு அண்ணல் ஞாபகம் வந்தார். 1920 ஜனவரி 31-இல் வந்த 'மூக்நாயக்' முதல் இதழிலேயே அவர் இந்தச் சமூகத்தைப் படிக்கட்டு இல்லாத பல மாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். எந்த மாடியில் பிறந்தாயோ அந்த மாடியிலேயே சாவு. நெட்வொர்க் அடுக்கு அப்படி இல்லை. அங்கே செய்தி மேலிருந்து கீழே இறங்கும், கம்பியில் ஓடும், மறுபக்கம் கீழேயிருந்து மேலே ஏறும். கீழ் அடுக்கு மேல் அடுக்குக்கு வேலை செய்கிறது. ஆனால் அதற்காக அதைத் தள்ளி வைப்பதில்லை. கவிஞனுக்கு இந்த உவமை இனிக்கும். நானும் ஒரு கவிதை எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். ஏன் என்றால் உவமைக்குள் ஒரு பொய் இருந்தது. புத்தகத்தில் முதல் அடுக்கு கம்பியும் வெளிச்சமும். ஊரில் அந்த முதல் அடுக்கைப் போட்டது எங்க நைனா. பள்ளம் நம்முடையது, கேபிள் இழுப்பது நம்ம ஆள், கம்பத்தில் ஏறுவது நம்ம ஆள். கேபிள் இணைக்கும் குழிக்கும் மேன்ஹோல் என்றுதான் பெயர், சாக்கடைக் குழிக்கும் அதே பெயர்தான். மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்த பிறகும் நம்ம ஆட்கள் அந்தக் குழிகளில் இறங்கிச் சாகிறார்கள். ஆக முதல் அடுக்கில் நமக்கு இட ஒதுக்கீடு எப்பவும் நூறு சதவீதம். மேலே ஏறும்போதுதான் தகராறு.

அந்தத் தகராறு எனக்கு எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

2009-இல் படிப்பு முடிந்தது. அமெரிக்காவில் 2008-இல் வங்கிகள் கவிழ்ந்ததில் இங்கே கம்பெனிகள் ஆள் எடுப்பதைச் சுருக்கிக்கொண்ட நேரம். சென்னையில் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துத் தரும் ஒரு சின்னக் கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். என்னோடு படித்த இன்னொருவனும் வந்திருந்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன், சப்நெட் கணக்கை வாயாலேயே போட்டேன். கடைசியில் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "எந்த ஊர் தம்பி?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" ஊர் தெரிந்தால் அவருக்குப் போதாது, சப்நெட்டும் தெரியணும். அதையும் சொன்னேன். ரெண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. அவனுக்கு ஏ.சி. போட்ட கண்காணிப்பு அறையில் திரைக்கு முன்னால் நாற்காலி. எனக்கு டூல் பை, கிரிம்பிங் கருவி, ஏணி. ரெண்டு வருஷம் பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடங்களில் பொய்க்கூரைக்கு மேலே தவழ்ந்தேன். பி.இ. படித்த நான் எங்க நைனா மாதிரியேதான் இருந்தேன். அவர் பூமிக்குக் கீழே, நான் கூரைக்கு மேலே. அவ்வளவுதான் ஒரு தலைமுறையில் நடந்த முன்னேற்றம்.

ஒருநாள் ராத்திரி ஒரு அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் சர்வருக்குப் போகாமல் தடுக்கணும் என்று கேட்டார்கள். நாற்காலிக்காரர்கள் ரவுட்டரில் அனுமதிப் பட்டியல் எழுதினார்கள். ஆக்சஸ் லிஸ்ட் என்பீங்களே, அது. ஒரே வரி: இந்த முகவரியை மறு. எழுதி மாட்டினதும் அந்த மாடியே செத்துப்போச்சு, ஒருத்தருக்கும் லைன் இல்லை. கேபிள் கோளாறுன்னு என்னை ஏணியில் ஏத்தினாங்க. மணி ரெண்டு. நான் கூரை மேலேயிருந்து எல்லாக் கேபிளையும் சோதித்துவிட்டுச் சொன்னேன்: "சார், கேபிள் நல்லாருக்கு. பட்டியல்ல கடைசியில எழுதாத வரி ஒண்ணு இருக்கு."

தம்பிகளே, இதைக் கவனமாகக் கேளுங்க. இன்னைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். ரவுட்டரில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு அனுமதிப் பட்டியலுக்கும் கடைசியில் நீங்கள் எழுதாத வரி ஒன்று தானாக உட்கார்ந்திருக்கும். திரையில் காட்டாது. அந்த வரி சொல்வது: மேலே அனுமதி என்று எழுதப்படாத எல்லாரையும் மறு. ஒருத்தனைத் தடுக்க ஒரு வரி எழுதிவிட்டு, மற்றவர்களுக்கு அனுமதி என்று தனியாக எழுத மறந்தால், எழுதாத வரி எல்லாரையும் வெளியே தள்ளிவிடும். நெட்வொர்க்கில் இது பாதுகாப்புக்கான ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எனக்கு அந்த வரி புத்தகத்தில் படித்து ஏறவில்லை. டீக்கடையில், கோயில் தெருவில், வாடகை வீடு கேட்ட வாசலில், எந்தப் பலகையிலும் எழுதாத அதே வரியைப் படித்துத்தான் நான் வளர்ந்தேன். அதனால்தான் ராத்திரி ரெண்டு மணிக்குக் கூரை மேலேயிருந்தே அது எனக்குத் தெரிந்தது.

அனுமதி வரியைச் சேர்த்தாங்க. மாடி உயிர் பெற்றது. கீழே இறங்கி கன்சோல் பக்கம் வந்து பார்த்தேன். "நீ எதுக்கு இங்க? டூல்ஸை எடுத்து வை" என்றார் ஒருத்தர். மேஸ்திரி குரல். மறுநாள் பாராட்டு மெயில் வந்தது, அதில் என் பேர் இல்லை. அதற்குப் பிறகு கண்காணிப்பு அறைக்கு மாற்றச் சொல்லி நாலு முறை கேட்டேன். "பார்க்கலாம்." 2011-இல் வங்கிகளுக்குப் பொதுவாக எழுத்தர் தேர்வு வந்தது. எழுதினேன், தேறினேன், வந்துவிட்டேன். அங்கே நின்று சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. வீட்டில் கடன் இருந்தது என்பது உண்மை. பயம் இருந்தது என்பதும் உண்மை.

இது சின்னக் கம்பெனி, ஒருத்தன் புலம்பல் என்று தள்ளிவிடலாம். சரி, பெரிய கம்பெனிக்கே போவோம். ரவுட்டர் செய்து விற்கும் பெரிய கம்பெனிகளில் ஒன்று சிஸ்கோ. அதன் கலிபோர்னியா அலுவலகத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதியால் ஒதுக்கப்பட்டார் என்று சொல்லி 2020 ஜூன் மாதம் அந்த மாநில அரசின் துறையே வழக்குப் போட்டது. அவர் ஐஐடியில் இட ஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை மேலதிகாரி சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தினார் என்பது குற்றச்சாட்டில் ஒன்று. நிறுவனம் மறுத்தது. ரெண்டு பொறியாளர்கள் மீதான வழக்கை 2023-இல் அந்தத் துறையே திரும்பப் பெற்றது. தீர்ப்பு எதுவாகவும் இருக்கட்டும். இந்த வழக்குக்குப் பிறகுதான் சாதி என்ற சொல் அங்கே சட்டப் பேச்சுக்குள் வந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் அதே வருஷம் ஒரு மசோதா நிறைவேற்றியது; ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்று இனி யாராவது சொன்னால் சொல்லுங்கள்: பாக்கெட்டுக்குத் தெரியாது சார், பட்டியல் எழுதறவருக்குத் தெரியும்.

பட்டியல் எழுதுவது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்துப் போனவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த உத்தரவு வந்தது. உத்தரவு போட்டது அரசு. அதைக் கம்பெனிகளின் கருவியில் நிறைவேற்றியது எங்கோ நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிலர். சேரியில் அடி விழும்போது அந்தப் படம் வெளியே போகுமா போகாதா என்பது அந்த நாற்காலிகளைப் பொறுத்தும் இருக்கிறது. அங்கே நம்ம ஆள் ஒருத்தர் உட்கார்ந்தால் உத்தரவு மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று அறிந்த ஒரு சாட்சி நமக்கு இருக்கும்.

என் கவுண்டருக்கு வாங்க. முதியோர் பணம் எடுக்கக் கிழவிகள் அஞ்சு மைல் நடந்து வருவார்கள். "சர்வர் இல்ல, நாளைக்கு வா" என்று அனுப்பிவிடுவது வங்கிகளில் பழக்கம். சர்வர் எங்கேயோ மும்பையில் நல்லாத்தான் இருக்கும். பெரும்பாலும் போயிருப்பது நம்ம கிளைக்கு வரும் லைன். ரெண்டாவது லைன் இருந்தும் மாறாமல் நின்றிருக்கும். முதலில் பக்கத்து ரவுட்டருக்குப் பிங் அடிக்கணும், பதில் வந்தால் அடுத்த இடம். எங்கே நின்றது என்று தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியும். நான் அதைச் செய்து, புகார் எண் வாங்கி, பெஞ்சில் உட்காரவெச்ச கிழவிகளுக்கு அன்றைக்கே பணம் கொடுத்து அனுப்பிய நாட்கள் உண்டு. நான் படித்த படிப்பு வீணாகலைன்னு எனக்குத் தோன்றுவது அந்த நாட்களில்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சப்நெட் கணக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்த விடுதிக்கு நாலு மாடி. 192.168.1.0 என்று ஒரு வலை, அதில் 256 எண்கள். நாலாகப் பிரித்தால் மாடிக்கு 64. முதல் எண் வலையின் பெயர், கடைசி எண் எல்லாரையும் ஒருசேரக் கூப்பிட. மீதி 62 கருவிக்கு முகவரி தரலாம். இவ்வளவுதான் /26 என்பது. ராத்திரி சோறு தின்னும்போது ஒருத்தரை ஒருத்தர் கேட்டுப் பழகுங்க. பாக்கெட் டிரேசர் இலவசம், வயர்ஷார்க் இலவசம், லினக்ஸ் இலவசம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு சென்னை ரிச்சி தெருவில் பழைய ரவுட்டர் ஒன்று வாங்கிப் போடுங்க, கழற்றி மாட்டுங்க. சிசிஎன்ஏ தேர்வுக்குக் கட்டணம் 300 டாலர். வரியோடு சேர்த்தால் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டும். இது நம்மால் கட்டக்கூடிய பூட்டு இல்லை. தாட்கோவிலும் நலத்துறையிலும் இந்தக் கட்டணத்தைக் கேட்டு மனு கொடுங்க. தனித்தனியாக இல்லை, சேர்ந்து.

தங்கச்சிகளே, லேபில் பையன்கள் கருவியைப் பிடிச்சுக்கிட்டு உங்களை ரெக்கார்டு நோட்டு எழுத வைப்பார்கள். நம்ம பையன்களும் செய்வான்கள், அதையும் சொல்லத்தான் வேணும். ஸ்விட்சுகளுக்குள் செய்தி சுற்றிச் சுற்றி வந்து வலையே திணறிப் போகாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையை 1985-இல் உருவாக்கியவர் ரேடியா பெர்ல்மன் என்கிற பெண். அதை விளக்கும் கட்டுரையோடு ஒரு கவிதையும் எழுதிச் சேர்த்தார். கவிதைக்கும் கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் அவர் பேரைத்தான் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் கல்லூரி லேபிலும் பூட்டிய பீரோ இருக்கிறது என்று சற்று முன்னால் ஒரு தம்பி சொன்னான். நாளைக்குக் காலையில் துறைத் தலைவரிடம் போங்க. சாவி யாரிடம், எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் திறப்பீங்கன்னு எழுத்தில் கேளுங்க. இருபது பேர் கையெழுத்துப் போடுங்க. நம்ம பிள்ளைகள் மட்டும் இல்லை, தொட முடியாமல் நிற்கும் எல்லாரையும் சேர்த்துக்கங்க. "உனக்கு எதுக்கு" என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்க. எழுதாத வரிக்குத்தான் பலம், எழுத வெச்சுட்டா அதுக்கு உயிர் போயிடும். மனுவின் நகல் ஒன்று எனக்கு வேணும். அடுத்த சனிக்கிழமை லீவு, நான் வருகிறேன்.

ஜெய்பீம்.